டிசபிலிட்டி பென்ஷன் கேஸ் போட்டுத் தருகிறோம் என்றவர்களிடம் 85,000 ரூபாய் போனது. நீங்களாவது ஏமாறாதீர்கள்

நேற்று சென்னை போய், படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் நேரில் விசாரித்துவிட்டு வந்தேன். அப்பா பெயரில் அங்கே எந்த வழக்கும் இல்லை. பதினான்கு மாதமாக "கேஸ் நடக்குது, கேஸ் நடக்குது" என்று சொல்லி 85,000 ரூபாய் வாங்கியவர்கள் ஒரு தாளைக்கூடத் தாக்கல் செய்யவில்லை. அப்பாவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களாவது தப்பிக்கட்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அப்பா 24 வருஷம் சர்வீஸ். ஹவில்தாராக 2015இல் ஊருக்கு வந்தார். வரும்போது மெடிக்கல் போர்டில் ரத்த அழுத்தம், குறைபாடு 30 சதவீதம், ஆயுள் முழுக்க என்று எழுதினார்கள். அதே தாளில் கீழே இன்னொரு கட்டம். நோய் தொடங்கியது அமைதிப் பகுதியில், ஆகவே பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று ஒரு வரி. 20 சதவீதம் என்ற குறைந்தபட்ச அளவைத் தாண்டியும், அந்த ஒரு வரியைக் காட்டி, பணியால் வந்த உடல் குறைக்குத் தரும் டிசபிலிட்டி பென்ஷனை மறுத்துவிட்டார்கள். இரண்டு முறை பனிமலையில் போஸ்டிங் பார்த்தவர். சேரும்போது உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அவர்களே எழுதி எடுத்தவர். முதல் அப்பீலைத் தானே கைப்பட எழுதி அனுப்பினார். அதுவும் 2017இல் திரும்பிவிட்டது. "விடும்மா, சர்வீஸ் பென்ஷன்தான் வருதே" என்று காகிதங்களை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

விடாமல் இழுத்தது நான்தான். 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சேரும்போது பதிவில் இல்லாத நோய் பின்னால் வந்தால் அதைப் பணியால் வந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பைப் படைவீரர் தலையில் கட்டக் கூடாது. இந்தத் தீர்ப்பைக் காட்டி எத்தனையோ பேர் தீர்ப்பாயத்தில் ஜெயித்திருக்கிறார்கள். 30 சதவீதத்தை 50 என்று உயர்த்திக் கணக்கிடும் விதியும் உண்டு. அப்பாவுடையது நல்ல கேஸ் என்று நம்பித்தான் போனில் தேட ஆரம்பித்தேன்.

முன்னாள் ராணுவத்தினருக்குப் பென்ஷன் சட்ட உதவி என்று வீடியோ போடும் ஒரு ஆலோசனை மையம். மாடியில் இரண்டு அறை. நாற்காலியில் இருந்தவர் தானும் பதினேழு வருஷம் சர்வீஸ் போட்டவன் என்றார். அப்பா வாசலில் தயங்கிச் செருப்பைக் கழற்றும்போதே எழுந்து விறைப்பாக நின்று, "ஜெய்ஹிந்த் உஸ்தாத், உள்ள வாங்க" என்றார்.

உஸ்தாத். பட்டாளத்தில் இளம் பையன்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊருக்கு வந்த பிறகு அந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அப்பா முகம் மலர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய கம்பளிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு தாள், நிராகரிப்புக் கடிதம் மூன்றையும் பையிலிருந்து எடுத்து அவராகவே மேஜைமேல் வைத்தார். எல்லாம் ஒரிஜினல். நான் தொடப் போனாலே "கைல ஈரம் இருக்கா பாரு" என்று சொல்கிற மனிதர்.

"ஆறு மாசத்துல ஆர்டர் வாங்கித் தர்றேன் உஸ்தாத். அரியர்ல முப்பது பர்சென்ட் எங்களுக்கு. இப்ப செலவுக்கு மட்டும் குடுங்க."

அன்றைக்கே 25,000. இரண்டு வாரத்தில் சீனியர் வக்கீலுக்கு என்று 40,000. அது அம்மா செயினை அடகு வைத்த பணம். பிறகு டாக்டர் ஒபீனியன் வாங்க வேண்டும் என்று 20,000. மொத்தம் 85,000 ரூபாய். வக்கீல் பெயரே எழுதாத வக்காலத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்த வக்கீலின் முகத்தை நாங்கள் ஒருநாளும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு பதில். பெஞ்ச் உட்காரல. கோர்ட் லீவு. எதிர்த்தரப்பு இன்னும் பதில் போடல. ஃபைல் டெல்லி போயிருக்கு. நான் அழுத்திக் கேட்டபோது ஒரு ஓ.ஏ. நம்பரை, அதாவது தீர்ப்பாய மனு எண்ணை, வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அப்பா அதை டைரியில் எழுதி அடியில் கோடு போட்டு வைத்துக்கொண்டார். அப்புறம் அந்த மையத்துக்காரர் போனை எடுப்பதே இல்லை, ஒரு பெண்தான் எடுப்பார். "சார் ஹியரிங்ல இருக்கார் மேடம்." ஞாயிற்றுக்கிழமையும் இதே பதில்.

நேற்று அந்த நம்பரைத் தீர்ப்பாய அலுவலகத்தில் காட்டினேன். அது யாரோ ஒருவருடைய பதவி உயர்வு வழக்கு. கவுன்டரில் இருந்தவர் அப்பாவின் பெயர், ஆர்மி நம்பர் இரண்டையும் போட்டு இரண்டு முறை தேடினார். "உங்க அப்பா பேர்ல எதுவுமே இல்லம்மா" என்றார். அங்கேயே நின்று மையத்துக்கு போன் போட்டேன். என்ன சொன்னார்கள் தெரியுமா? "நீங்க குடுத்தது கன்சல்டேஷன் ஃபீஸ் மேடம், கேஸ் ஃபீஸ் இல்ல. ரசீதுக்குப் பின்னாடி போட்டிருக்கு, திருப்பித் தர முடியாது." 85,000 ரூபாய்க்கு கன்சல்டேஷனா? மறுபடி அழைத்தேன், நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

பணம் போனதைவிட வயிறு எரிவது வேறொன்றுக்கு. தீர்ப்பாயத்துக்குப் போக ஆறு மாதக் கெடு உண்டு. பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுவதால் தாமதத்தைப் பெரும்பாலும் மன்னித்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 2008இல் வந்த தர்செம் சிங் தீர்ப்பின்படி பொதுவாக, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷ அரியர்தான். அப்படியென்றால் மனு போடாமல் கழிகிற ஒவ்வொரு மாதத்துக்கும் முன்பக்கம் ஒரு மாத அரியர் கழிந்துகொண்டே போகிறது. இவர்கள் ஓட்டிய பதினான்கு மாதம் அப்பாவுக்குத் திரும்பி வராது. கேஸ் போட மாட்டோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் வேறு வக்கீலிடம் போயிருப்போமே!

விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன், கோர்வையாக வரவில்லை. ஒரிஜினல் காகிதம் எதையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள், நகல் போதும். வக்கீலை நேரில் பாருங்கள், பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். அரியரில் இவ்வளவு பங்கு என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள், வழக்கில் வரும் பணத்தில் வக்கீல் பங்கு பேசுவதே பார் கவுன்சில் விதிப்படி தவறு. நம்பர் கொடுத்தால் அன்றைக்கே தீர்ப்பாயத்தில் உங்கள் பெயரைப் போட்டுச் சரிபாருங்கள், என்னைப் போலக் காத்திருக்காதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு நடை போங்கள். அங்கே கேட்பதற்குக் காசு கிடையாது.

இன்று காலை ஸ்டேஷனில் புகார் கொடுத்து புகார் பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். டிஸ்சார்ஜ் புக் மட்டும் போன மாதம் சண்டை போட்டு வாங்கியது, கையில் இருக்கிறது. மெடிக்கல் போர்டு தாள் இன்னும் அவர்களிடம்தான். நகல் கேட்டு, படைவீரர் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு இன்றைக்கே ரிஜிஸ்டர் தபால் போட்டுவிட்டேன். அது வந்தால்தான் மனு எழுத முடியும். அப்பா டைரியில் அந்த நம்பர் இன்னும் அப்படியே இருக்கிறது. சாயங்காலம் அவரிடம் சொல்ல வேண்டும்.