ஆறு வருடம், ஒரு காக்கட்டூ, நான்கு தையல்

கட்டைவிரலில் தையல் பிரித்து நான்கு நாள் ஆகிறது. இந்த நேரம் பார்த்து நண்பன் ஒருவன் போன் செய்து, "அம்ப்ரெல்லா காக்கட்டூ விலை இறங்கியிருக்குடா, ஒண்ணு வாங்கலாமா? நீதான் வெச்சிருக்கியே, எப்படி?" என்று கேட்டான். போனில் நான் சொன்ன பதில் எழுதக்கூடியதாக இல்லை. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அம்ப்ரெல்லா காக்கட்டூ என்பது கொண்டை வைத்த ஒரு வெள்ளைக் கிளி. கத்தும், கோலமாவு மாதிரி வெள்ளைத்தூள் உதிர்க்கும், நாற்பது ஐம்பது வருடம் உயிரோடு இருக்கும், 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். இதெல்லாம் விசாரித்தாலே தெரிந்துவிடும். மூன்று நான்கு வயதில் அது பருவத்துக்கு வரும், வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் காக்கட்டூவின் பெயர் பஞ்சு. குஞ்சாக வந்தான். முதல் மூன்று வருடம் அவனைப் போல ஒரு ஜீவன் கிடையாது. சட்டைப் பொத்தானை அலகால் பிடித்துக்கொண்டு என் நெஞ்சிலேயே தூங்குவான். குக்கர் விசில் வந்தால் கொண்டையை விரித்து அதே சுருதியில் பதில் விசில் அடிப்பான். அம்மா அதையும் சேர்த்து எண்ணிவிட்டு, பருப்பு வேகாமலே அடுப்பை அணைத்த நாள்கள் உண்டு.

நான்காவது மாசியில் ஆரம்பித்தது. முதலில் செருப்பு ஸ்டாண்டின் அடித்தட்டு அவனுக்குப் பிடித்துப்போனது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு என் ஷூ லேஸைக் குதறுவான். சரி, விளையாட்டு என்று விட்டுவிட்டோம். அப்புறம் ஒருநாள் அம்மாவின் மணிக்கட்டில் உட்கார்ந்து, தலையை மேலும் கீழும் ஆட்டி, வளையல் மேல் கொழகொழவென்று எதையோ கக்கினான். விஷம் எதையோ தின்றுவிட்டான் என்று பதறி, பறவை பார்க்கத் தெரிந்த டாக்டரைத் தேடி ஆட்டோவில் ஓடினோம். அவர் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்லை. உங்க அம்மாவுக்குச் சோறு ஊட்டுறான். ஜோடிக்கு ஆண் இப்படித்தான் ஊட்டும்." அம்மாவின் முகத்தில் அப்போது தெரிந்தது வெட்கமா பெருமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அம்மா ஜோடி என்றால் நான் யார்? போட்டிக்கு வந்தவன். இரவு எட்டரைக்கு அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்தப் பக்கம் நான் திரும்பினாலே போதும், கூண்டு மேலிருந்து இறங்குவான். பறந்து வர மாட்டான், நடந்து வருவான். டைல்ஸ் தரையில் நகம் டக் டக் என்று கேட்கும். உடம்பை நெட்டுக்குத்தாக நிமிர்த்தி, கொண்டையை முழுக்க விரித்து, இறக்கையைப் பாதி திறந்து, உஸ் என்று சீறிக்கொண்டு வருவான். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் ஒரு பறவைக்குப் பயந்து நான் சோபா மேல் ஏறி நின்றிருக்கிறேன். என் மகன் அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறான்.

மற்ற கிளி வகைகளில் பலதுக்குக் கோபம் வந்தால் கண்மணி சுருங்கி விரிவது தெரியும். சுதாரித்துக்கொள்ளலாம். ஆண் அம்ப்ரெல்லாவுக்கு விழியே கறுப்பு, அதில் ஒன்றும் படிக்க முடியாது. பெண்ணுக்குச் செம்பழுப்பு என்பார்கள். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அடுத்த முறை போனபோது டாக்டர் பறவையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ராத்திரி ஹால்ல எத்தனை மணிக்கு லைட்டை அணைப்பீங்க?" என்றார். யோசித்துப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு அம்மா ஸ்விட்சைத் தட்டுவார். சீரியல், செய்தி, என் லேப்டாப் எல்லாம் முடிந்து அணைக்கும்போது பதினொன்று. 17 மணி நேரம். சென்னையில் ஜூன் மாதத்து நீளமான பகலே 13 மணி நேரத்தைத் தொடாது, டிசம்பரில் பதினொன்றரைகூட இல்லை. இவன் இனத்தின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் ஹல்மஹேரா பக்கம், நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவுகள். வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அப்படிப்பட்டவனை டியூப் லைட்டுக்கு அடியில் உட்கார வைத்துவிட்டு, மாசி மாதத்தைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெளிச்சம் போதாதென்று சாப்பாடு வேறு. அம்மா தினமும் நெய் விட்ட பொங்கலைச் சூடு ஆறுவதற்குள் உருட்டி, கையாலேயே ஊட்டுவார். பறவை பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் என்று வளையல் கதையிலிருந்தே புரிந்திருக்க வேண்டும். முதுகிலிருந்து வால் வரைக்கும், இறக்கைக்கு அடியிலும் நாங்கள் தடவிக்கொடுத்ததும் அதே கணக்குதான். செருப்பு ஸ்டாண்டு கூட்டுப் பொந்து. வெளிச்சம், தீனி, தடவல், பொந்து என்று இனப்பெருக்கக் காலத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் நாங்களே கொடுத்திருக்கிறோம். பெண் பறவை ஒன்றுதான் குறை.

இந்த ஜாதிப் பறவைக்கு இனப்பெருக்க வேகம் அடங்காமல் வருடக்கணக்கில் நீடித்தால் முக்கி முக்கிப் பின்புறச் சதை வெளியே தள்ளிவிடும், அப்புறம் ஆபரேஷன் வரைக்கும் போகும் என்றும் டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீடியோவைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை. ஹார்மோனை அடக்கத் தோலுக்கு அடியில் வைக்கும் டெஸ்லோரெலின் என்ற இம்ப்ளாண்ட் பற்றியும் கேட்டேன். அது சில மாதத்துக்குத்தான் பலன் தரும், வீட்டுப் பழக்கம் மாறாவிட்டால் திரும்ப இங்கேதான் வந்து நிற்பீர்கள் என்றார்.

பழக்கத்தை மாற்றினோம். கூண்டு பின் அறைக்குப் போனது. மாலை ஆறரைக்குத் திரை, காலை ஏழுக்குத்தான் வெளிச்சம். முதல் எட்டு நாள் அவன் போட்ட கூச்சலுக்கு மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து நலம் விசாரித்தார். செருப்பு ஸ்டாண்டைப் பரணில் ஏற்றினேன். பீரோவுக்கு அடியில் இருந்த இடைவெளியைப் பலகை வைத்து அடைத்தேன். பொங்கல் போய் பெல்லட் என்கிற பறவைத் தீனி, கீரை, பீன்ஸ் வந்தது. சூரியகாந்தி விதை சொன்னபடி கேட்டால் மட்டும், அதுவும் ஒன்றே ஒன்று. அட்டைப்பெட்டி கூடாது, புகுந்துகொள்வான். கடித்துத் துப்ப வேப்பங்கட்டை கொடுத்தோம். மாசி, பங்குனி இரண்டு மாதமும் கையில் ஏற்றுவதில்லை, ஒரு கொம்பை நீட்டினால் அதில் ஏறி வருவான். கடித்தால் கத்தவும் கூடாது, கத்தினால் நாமும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டோம் என்று அவனுக்குக் குஷி. ரத்தம் வரும்போது கத்தாமல் இருப்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

அம்மாவைப் பழக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. "தலையையும் கழுத்தையும் மட்டும் தடவுங்கம்மா" என்றால், "என்னத்தடா, பெத்த பிள்ளையைத் தொடுறதுக்குக் கூடவா ரூல்ஸ்?" என்பார். பெற்ற பிள்ளை நான் சோபா மேல் நின்றுகொண்டிருப்பேன்.

ஆனால் பலன் கிடைத்தது, அதை மறைக்க முடியாது. ஐந்தாவது வருடம் ஒரு கடிகூட இல்லை. மாசியில் கொஞ்சம் முறைத்தான், பங்குனியில் அடங்கிவிட்டான். பழைய பஞ்சு திரும்பி வந்து பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கினான்.

இந்த வருடம் மகனுக்கு ப்ளஸ் டூ பரீட்சை. அமைதி வேண்டும் என்று அவன் பின் அறையைக் கேட்டான். கூண்டு மறுபடி ஹாலுக்கு வந்தது, கூடவே டியூப் லைட்டும். தையிலிருந்து பொங்கலும் திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மாசிக் கடைசியில் ஒரு ராத்திரி எட்டரைக்கு மாத்திரையோடு கையை நீட்டினேன். அவன் அம்மாவின் தோளில் இருந்ததைக் கவனிக்கவில்லை. வலிக்கு முன்னால் சத்தம்தான் கேட்டது, பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு வைத்து அமுக்கினால் கேட்குமே, அந்தச் சத்தம். நான்கு தையல், ஒரு டெட்டனஸ் ஊசி. தவறு எங்களுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். விரல் என்னுடையது.

ஆகவே நண்பனுக்குப் பதில்: வாங்காதே. விலை பாதியானாலும் வாங்காதே, சும்மா கொடுத்தாலும் வாங்காதே. மாலை ஆறரைக்கு விளக்கணைக்க முடியாத வீட்டில் இதை வளர்க்கக் கூடாது, என் வீட்டையும் சேர்த்தே சொல்கிறேன். "அப்ப உன்னுதை எனக்குக் குடுத்துடேன்" என்றான். போனை வைத்துவிட்டேன்.

பரீட்சை முடிந்துவிட்டது, கூண்டு நேற்று பின் அறைக்குத் திரும்பியது. காலையில் திரையை விலக்கித் தட்டை எடுத்தபோது பெல்லட்டுக்கு அடியில் நெய்யில் வறுத்த முந்திரி ஒன்று கிடந்தது. நான் வைக்கவில்லை.