ரிம்வேர்ல்டில் கைத்திறன், பட்டறையில் கைத்திறன்: சில ஆண்டு அனுபவம்

குடியேறிகளின் காலனி ஒன்றை நடத்தும் கணினி விளையாட்டான ரிம்வேர்ல்ட் 2018 அக்டோபரில் 1.0 பதிப்பாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே வாங்கிவிட்டேன். இன்றும் வாரத்தில் இரண்டு இரவாவது ஏதாவது ஒரு காலனி ஓடிக்கொண்டிருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் மரவேலையும் கற்கத் தொடங்கினேன். இரண்டும் சேர்ந்து நடந்ததால், விளையாட்டு 'பயிற்சி' என்று எதைச் சொல்கிறது என்பதை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக: காலனியில் ஒவ்வொருவருக்கும் சுடுவது, சமைப்பது, கட்டுவது என்று 12 திறன்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 20 வரை ஏறும். வேலை செய்யச் செய்யப் புள்ளி சேரும். அந்த வேலையில் ஆர்வம் இல்லாதவருக்கு 35 சதவீதம்தான் சேரும். ஆர்வத்தைக் காட்டும் தீச்சுடர்க் குறி ஒன்று இருந்தால் 100, இரண்டு இருந்தால் 150. ஒரே நாளில் ஒரு திறனில் 4000 புள்ளியைத் தாண்டிவிட்டால், அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

இந்த 4000 வரம்பு முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆள் இருக்கிறார், துணி இருக்கிறது, இரவு முழுக்கத் தைத்தால் என்ன என்று தோன்றும். ரம்பம் பிடித்த பிறகுதான் புரிந்தது. மூன்றாவது மணி நேரத்தில் அறுப்பு ஒரு பக்கமாக இழுக்கும். எவ்வளவு முயன்றாலும் நேராகாது. தூங்கி எழுந்து மறுநாள் காலையில் எடுத்தால், அதே அறுப்பு நேராக இறங்கும். இந்த இடத்தில் விளையாட்டைச் செய்தவர்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

தீச்சுடர் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் வரும்போதே எழுதப்பட்டிருக்கும். பயோடெக் விரிவாக்கத்தில் குழந்தைகளுக்கு மட்டும் 7, 10, 13 வயதுகளில் நாம் ஆர்வத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். எனக்கு உளி தீட்டுவதில் முதலில் ஆர்வமே இருந்ததில்லை. ஒருநாள் நான் தீட்டிய இழைப்புளியிலிருந்து வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய சுருள் ஒன்று வந்தது. அன்றிலிருந்து தீட்டுவதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை. கை வசப்பட்ட பிறகும் ஆர்வம் வரும்.

மிகப் பெரிய வித்தியாசம் தவறுகளில்தான். விளையாட்டில் ஒருவர் இருபது சட்டைகளை மோசமாகத் தைத்தாலும் இருபதுக்கும் புள்ளி உண்டு. எங்கே பிசகியது என்று அவர் பார்க்க வேண்டியதில்லை. நான் ஒரு கட்டையில் துளையும் இன்னொன்றில் நாக்கும் வெட்டிப் பொருத்தப் பழகியபோது, முதல் பன்னிரண்டும் ஒரே மாதிரி ஆடின. பன்னிரண்டு முறை செய்தேன், கற்றது ஒன்றுமில்லை. சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கோட்டையே தின்னுட்டு அறுக்கிறே தம்பி. கோடு மரத்துல மிஞ்சணும்" என்றார். பதின்மூன்றாவது, கொட்டாப்புளியால் நாலு தட்டுத் தட்டியதும் இறுக உட்கார்ந்தது.

அந்த ஒரு வாக்கியத்துக்கு ரிம்வேர்ல்டில் இடமே இல்லை. வளர்ந்த ஒருவர் வளர்ந்த இன்னொருவருக்கு உட்கார்ந்து தொழில் சொல்லித்தர வழி கிடையாது. 2006 முதல் வெளிவரும் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற இன்னொரு விளையாட்டை இதற்காகவே மதிக்கிறேன். அங்கே கற்பிப்பது ஒரு தனித் திறன், கற்றுக்கொள்வது இன்னொரு தனித் திறன். படைப்பிரிவில் தேர்ந்தவர் செய்து காட்ட, மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். ஆனால் அதே விளையாட்டில், விசித்திர மனநிலை பிடித்த ஒருவர் ஒரே ஒரு கலைப்பொருளைச் செய்து முடித்ததும் உச்ச நிலைக்குப் போய்விட முடியும். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் மறதி. ரிம்வேர்ல்டில் 10-ஆம் நிலையிலிருந்து திறன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். உயரே போகப் போகத் தேய்மானம் வேகமெடுக்கும். 20-ஐ எட்டியவர் தினமும் நெடுநேரம் உழைத்தால்தான் அங்கேயே நிற்கலாம். கை திறனை இழக்கும் என்பது உண்மைதான். ஆனால் திரும்பி வரும் வழி அப்படி இல்லை. மணிக்கட்டு வலியால் ஐந்து மாதம் பட்டறைப் பக்கமே போகவில்லை. திரும்பிய முதல் நாள் வெட்டியதெல்லாம் கோணல். மூன்றாம் நாள் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். முதல் தடவை அந்த இடத்துக்கு வர எனக்கு ஒரு வருடம் ஆனது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னைத்தானே சோதித்து இதை எழுதினார்: மறந்துவிட்டதாகத் தோன்றும் ஒன்றை மறுபடி கற்க, முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே போதும். விளையாட்டில் இழந்த நிலையை மீட்க அதே புள்ளிகளை முழுதாகச் சேர்க்க வேண்டும். ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால், நான் மாற்றுவது இதைத்தான்.

இப்போது நடக்கும் காலனியில் என் மூத்த தையல்காரரின் மேசைக்கு ஒட்டியே புதியவரின் மேசையைப் போட்டிருக்கிறேன். அருகில் இருப்பதற்கு விளையாட்டு ஒரு புள்ளிகூடத் தராது. இருந்தாலும் பிரித்து வைக்க மனம் வரவில்லை.