ஒட்டு ஜீப்பும் ஒல்டர்னேட்டரும்: ஆறு வருஷம் ஓட்டிய கதை

தலவாக்கலையிலிருந்து நானுஓயாப் பக்கம் ஏறினால், பகல் இரண்டு மணிக்கே ஹெட்லைட் போட வேண்டிய நாட்கள் உண்டு. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடியில் படியும் ஆவியை விரட்ட புளோவர், எல்லாம் ஒன்றாக ஓடும். முன்னால் ஒரு கொழுந்து லொறி நடை வேகத்தில் போகும். அந்த நேரம் பார்த்து, பெட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லும் சார்ஜ் லைட் டேஷ்போர்டில் மினுக்கினால் வயிற்றைக் கலக்கும். 2019 இல் ரோட்டில் இறக்கிய என் வண்டியில் அந்தச் சிவப்பு லைட்டோடு நான் பட்ட பாடுதான் இது.

வண்டி என்றால் கம்பனி வண்டி இல்லை. பழைய வில்லிஸ் ஜீப்பின் சேஸி, லைட்ஏஸ் வேனிலிருந்து கழற்றிய டொயோட்டா 5கே பெட்ரோல் எஞ்சின், தகட்டு வேலை செய்யும் உள்ளூர் டிங்கர் பாஸ் தகடு வெட்டி மடித்த பொடி, அதாவது வண்டியின் வெளிக்கூடு. வெளிநாட்டில் இதைக் கிட் கார் என்பார்கள். பாகங்கள் பெட்டியில் வீட்டுக்கு வரும். நமக்குப் பெட்டி என்றால் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைதான். வீட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஒட்டு ஜீப்'. வயரிங் முழுக்க என் கை. எனக்குத் தேயிலை பெக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலை. ரோலருக்கும் கொழுந்து வாட்டும் பேனுக்கும் மூன்று பேஸ் இழுப்பவனுக்கு 12 வோல்ட் ஒரு விஷயமா என்று நினைத்தேன். அந்தத் திமிருக்கு இரண்டு வருஷம் வட்டி கட்டினேன்.

எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கிப் பெட்டரிக்கு ஏற்றுவது ஒல்டர்னேட்டர். முதலில் மாட்டியது பழைய இங்கிலீஷ் கார் ஒன்றிலிருந்து வந்தது. தடித்த வயர் பெட்டரிக்கு. மெல்லிய வயர், டி பிளஸ் என்பது, டேஷ்போர்டு லைட் வழியாகச் சாவிக்கு. அவ்வளவுதான். அந்த லைட்டுக்கு அழகுக்காகச் சின்ன எல்இடி வைத்தேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் வோல்ட் மீட்டர் 12.4 இல் நிற்கும், சார்ஜ் ஏறாது. ஏற்றத்தில் நன்றாக உறுமினால் திடீரென்று 14க்குத் தாவும். அதன் பிறகு நாள் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பெல்ட்டைச் சந்தேகப்பட்டேன், ஒல்டர்னேட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ்ஷை மாற்றினேன். குறை அந்த எல்இடியில் இருந்தது. இந்த வகை ஒல்டர்னேட்டர் முதலில் விழித்துக்கொள்ள உள்ளே சுற்றும் ரோட்டர் சுருளுக்குக் கொஞ்சம் கரண்ட் வேண்டும். அதைத் தருவது சாவியிலிருந்து அந்த லைட் வழியாக வரும் கரண்ட்தான். 2.2 வாட் இழை பல்ப் ஏறத்தாழ 0.18 அம்பியர் விடும். எல்இடி விடுவது அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

இது புரியும் முன் ஹட்டனில் ஒரு வயரிங் பாஸிடம் காட்டினேன். "அண்ணே, அந்த லைட்டே வேணாம், நேரா குடுத்திடுவோம்" என்றார் தம்பி. கொடுத்தார். முதல் சுற்றிலேயே சார்ஜ் ஏறியது. காசையும் சந்தோஷமாகக் கொடுத்தேன். டவுனில் நிறுத்திச் சாவியைத் திருப்புகிறேன், எஞ்சின் நிற்கவில்லை. சாவியைக் கையில் எடுத்துவிட்டேன், அப்போதும் ஓடுகிறது! பக்கத்து ஆட்டோக்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் டொப் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளச்சை விட்டுத்தான் அணைத்தேன். எஞ்சின் சுற்றும்வரை டி பிளஸ் முனையிலும் 14 வோல்ட் இருக்கும். நடுவில் பல்ப் இல்லாததால் அது அப்படியே திரும்பி வந்து, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் சுருளுக்குத் தீனி போட்டிருக்கிறது. அடுத்த வாரம் ஒல்டர்னேட்டருக்குள் இருந்த மூன்று சின்ன டயோட்களும் (கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடுபவை) எரிந்தன. இக்னிஷன் சுருளின் சுமையைத் தாங்க அவை செய்யப்பட்டவை அல்ல.

எல்இடிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அதற்கு இணையாக (பேரலலில்) 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், பல்ப்பின் கணக்கு வந்துவிடும். எனக்கு அழகு ஆசை போய்விட்டது.

அப்புறம்தான் எஞ்சினுக்கு உரிய டென்சோ வகையைத் தேடி வாங்கினேன், ரீகண்டிஷன் 60 அம்பியர். இதில் தடித்த வயர் போக மூன்று பின் பிளக் உண்டு: ஐஜி, எல், எஸ். ஐஜி சாவியிலிருந்து. எல் சார்ஜ் லைட்டுக்கு. எஸ் பெட்டரியின் உண்மையான வோல்டேஜைப் பார்த்து, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குச் சொல்லும் வயர். எஸ் வயரைத் தனியாக, சின்ன பியூஸோடு பெட்டரி பிளஸ் வரைக்கும் கொண்டுபோனேன். என் பெட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருப்பதால் இது முக்கியம்.

அந்தப் பின்சீட்டுத் தூரம் இன்னொரு பாடம். பெக்டரியில் மிஞ்சிய ஏழு இழை வீட்டு வயரைத்தான் முதலில் இழுத்திருந்தேன், 4 சதுர மில்லிமீட்டர். மூன்று மீட்டர் நீளத்தில் 50 அம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.65 வோல்ட் வயரிலேயே போய்விடும். 10 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினால் இழப்பு கால் வோல்ட்தான். அதைவிடப் பெரிய குறை, வீட்டு வயர் விறைப்பானது. தோட்டத்து ரோட்டுக் குலுக்கலில் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) பக்கத்தில் ஒவ்வொரு இழையாக ஒடிந்து, கடைசியில் இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்குச் செய்த வயரை ஆடும் எஞ்சினில் கட்டியது என் தப்பு. இப்போது இருப்பது நிறைய மெல்லிய இழை கொண்ட வாகன வயர், பெட்டரிக்குப் பக்கத்தில் 80 அம்பியர் பியூஸ்.

எர்த், அதாவது கரண்ட் பெட்டரிக்குத் திரும்பும் வழி, பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, சேஸியில் பெயின்ட். நான் எர்த் பட்டையே போடவில்லை. ஒரு நாள் ஸ்டார்ட் அடிக்கும்போது சோக் கேபிள் சூடாகிப் புகை வந்தது. ஸ்டார்ட்டரின் கரண்ட் முழுவதும் அந்தக் கம்பி வழியாகத்தான் வீடு திரும்பியிருக்கிறது! பெயின்ட்டைச் சுரண்டி, எஞ்சினுக்கும் சேஸிக்கும் இடையில் பின்னல் பட்டை போட்டதும் ஹெட்லைட் வெளிச்சம்கூடக் கூடியது.

2021 கடைசியில் டிங்கர் பாஸ் மட்கார்டுக்கு வெல்டிங் வைத்தபோது பெட்டரியைக் கழற்ற மறந்தேன். ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். 2022 இல் நாட்டில் பெட்ரோல் இல்லாமல் வண்டி வாரக்கணக்கில் நின்றபோதுதான் தெரிந்தது: பத்து நாளில் 45 அம்பியர் மணி பெட்டரி செத்துக் கிடந்தது. மீட்டரைத் தொடராகப் போட்டால் 180 மில்லி அம்பியர் கசிவு. ஒல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றியதும் 20க்கு இறங்கியது. ஒல்டர்னேட்டரின் கரண்டை டிசி ஆக்கும் ரெக்டிபையரில் ஒரு டயோட் கசிந்திருக்கிறது. வெல்டிங்தான் காரணம் என்று என் கணக்கு. டயோட்கள் இருக்கும் தகட்டோடு மாற்றினேன். பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து மறுபடி பெட்ரோல் கிடைத்தபோது ஒட்டு ஜீப் முதல் அடியில் ஸ்டார்ட் ஆனது.

மழைக்கு வேறு தனிச் செலவு. மே முதல் செப்டெம்பர் வரை லக் எல்லாம் பச்சை பூக்கும். ஹீட் ஷ்ரிங்க் குழாய், மேலே வாஸ்லின், வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைப்பது, இவ்வளவு போதும். பெல்ட்டை இரண்டு தடவை மாற்றினேன்.

இன்று காலை எல்லா லைட்டும் போட்டு அளந்தேன், பெட்டரியில் 14.1. ஒரு குறை மட்டும் இன்னும் இருக்கிறது. பனிமூட்டத்தில், வைப்பரோடு ஐட்லிங்கில் நின்றால் மீட்டர் 12.7க்கு வரும். ஐட்லிங்கை நிமிடத்துக்கு 900 சுற்றுக்கு ஏற்றிப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை. ஒல்டர்னேட்டரில் பெல்ட் ஓடும் சக்கரத்தை, அதாவது புல்லியை, சின்னதாகப் போட்டால் தீரும் என்கிறார்கள். அதற்கு மறுபடி பஞ்சிகாவத்தைக்குப் போக வேண்டும். அதுவரை லொறிக்குப் பின்னால் நிற்கும்போது புளோவரை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொள்கிறேன்.