தாராவிக்காரர்களே, பெயர் இல்லாத பொட்டல மாத்திரை வாங்காதீர்கள்

எங்கள் அம்மாவுக்குப் பல வருடமாக முட்டி வலி, சர்க்கரையும் உண்டு. 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் இருக்கிற கிளினிக்கில்தான் காட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் நன்றாகத் தமிழ் பேசுவார். ஊசி, மாத்திரை எல்லாம் சேர்த்து நூறு ரூபாயில் முடிந்துவிடும். கைராசிக்காரர் என்று பெயர். அம்மாவும் முதல் முறை போய் வந்த மறுநாளே மாடிப்படி ஏறி இறங்கினார். அப்புறம் வேறு டாக்டர் பேச்சையே எடுக்க விடவில்லை.

அங்கே மாத்திரை தரும் விதம் இதுதான். கம்பவுண்டர் அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, காலை, ராத்திரி என்று பேனாவால் கோடு போட்டுத் தருவார். மருந்தின் பெயர் கிடையாது, காலாவதித் தேதி கிடையாது. சீட்டு கேட்டால், "மருந்தை நாங்களே தர்றோம், சீட்டு எதுக்கும்மா?" என்பார்.

சில மாதங்களில் அம்மாவின் முகம் உப்பியது. பக்கத்து வீட்டு அக்கா, "இப்பதான் உடம்புல தெம்பு வந்திருக்கு" என்று சந்தோஷப்பட்டார். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் சாயங்காலம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்தே மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவதாக அப்போதுதான் சொன்னார். சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது. கவரைக் கொட்டிக் காட்டினேன். இரண்டு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு ரோஸ். அந்த இளம் டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கிளினிக்குக்கு போன் போட்டால், "வலி மாத்திரை, கேஸ் மாத்திரை, சத்து மாத்திரை" என்று பதில். பெயரைச் சொல்லுங்கள் என்றதும் போனை வைத்துவிட்டார்கள். ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு வைத்தியம் பார்க்க வேண்டியவர்கள், எந்த மருந்தால் வந்தது என்று ஊகம் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்.

எண்டோஸ்கோபியில் இரைப்பையில் புண் தெரிந்தது. ரத்தம் ஏற்றினார்கள். உப்பிய முகத்தையும் சர்க்கரையையும் பார்த்து, ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்றார்கள். ஸ்டீராய்டு வலியையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும், கைராசி என்று பெயர் கிடைப்பது இதனால்தான். கூடவே சர்க்கரையை ஏற்றும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் ஆபத்து கூடும். அட்டையோடு வந்திருந்தால், டாக்டர் சீட்டுக்கு மட்டும் தரவேண்டிய மருந்து என்பதற்கான சிவப்புக் கோடாவது கண்ணில் பட்டிருக்கும்.

அம்மா வீடு திரும்பியதும் அக்கம்பக்கத்தில் பேசிப் பார்த்தேன். ஒருவருக்கு, தமிழ் பேசினால் நம்பலாம். இன்னொருவருக்கு, ஊசி போட்டால்தான் வைத்தியம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அரை நாள் கூலி போய்விடும், இவர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார் என்றார் ஒரு அண்ணாச்சி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என்ன மருந்து என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாராம்.

கோபித்தால் கோபிக்கட்டும். அலோபதி டாக்டர்களுக்கான 2002 விதிமுறைப்படி, பதிவு எண்ணை கிளினிக்கிலும் சீட்டிலும் ரசீதிலும் போட்டாக வேண்டும். அந்த எண்ணையும் பெயரையும் மகாராஷ்டிர மெடிக்கல் கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். எங்கள் ஆளின் பலகையில் இருப்பது ஹோமியோபதிப் பட்டம். அலோபதி படிக்காத ஹோமியோபதி டாக்டர் அலோபதி மருந்து கொடுத்ததே கவனக்குறைவுதான் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதுவும் ஒரு மும்பை வழக்கில். அப்புறம் 2014-இல் மகாராஷ்டிரா சட்டத்தைத் திருத்தி, ஒரு வருட மருந்தியல் படிப்பு முடித்த ஹோமியோபதி டாக்டர்களுக்கு மட்டும் வழி விட்டது. எந்த வகை டாக்டராக இருந்தாலும், பெயர் மறைத்துப் பொட்டலம் கட்டித் தருவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம், அதனால் கிளினிக் பெயரை இங்கே போடவில்லை. கூலி போகும் என்று யோசிப்பவர்கள் மாநகராட்சி நடத்தும் ஆப்லா தவாகானா என்கிற கிளினிக்குகளைப் பாருங்கள். பல இடங்களில் ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கும், மருந்து இலவசம்.

இந்த மாதிரிப் பொட்டலத்தை மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும். மீதி மாத்திரையைக் கவரோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். படிப்படியாகக் குறைக்க அவர்கள் சொல்லித் தருவார்கள்.