ஓசூரில் பிளாஸ்டிக்குக்கு லேசர் வெல்டிங்: ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுடன் 11 மாதம்

பிளாஸ்டிக்கை லேசரில் ஒட்டித் தருகிற ஓர் இடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் இரும்பு, எஸ்எஸ் என்றால் லேசர் வெல்டிங்குக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பிளாஸ்டிக் என்று கேட்டுப் பாருங்கள், “அது உருகிப் போயிடுமே சார்” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான்கைந்து பேரிடம் விசாரித்து, கடைசியில் ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு சின்ன யூனிட் கிடைத்தது. குறைகளும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் போடவில்லை.

எங்கள் சாமான் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்நிலைத் தொட்டியிலும் சம்பிலும் தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரை ஓட விடவும் நிறுத்தவும் செய்கிற சென்சார். உள்ளே உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு போர்டு, அதில் நேரம் காட்ட ஒரு கடிகாரச் சுற்று. வெளியே கறுப்பு பிபிடி (ஒரு வகை உறுதியான பிளாஸ்டிக்) பாடி, அதன்மேல் கறுப்பு மூடி. வருடக்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்க வேண்டிய பொருள், மூடி ஒழுகினால் எல்லாம் போச்சு.

இதற்கு முன் அல்ட்ராசோனிக்கில்தான், அதாவது வேகமாக அதிர வைத்து உரசலில் உருக்கித்தான், மூடிக்கொண்டிருந்தோம். 20 கிலோஹெர்ட்ஸ் மிஷின், ஒரு பீஸுக்கு ஒரு விநாடிகூட ஆகாது, ஜாப் ஒர்க் கூலி 3 ரூபாய், தண்ணீரும் இறங்கவில்லை. ஆனால் மூடுவதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் சில பீஸில் மூடிய பிறகு நின்றிருந்தது. போர்டு சப்ளையரோடு நான்கு மாதம் சண்டை. அப்புறம்தான் புரிந்தது, அந்தச் சுற்றில் இருக்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்குள்ளே இசைக்கவை மாதிரி இரண்டு கால் உள்ள மிக மெல்லிய குவார்ட்ஸ் துண்டு இருக்கிறது, அல்ட்ராசோனிக் மிஷினில் பீஸை அமுக்கி அதிர வைக்கிற ஹார்ன் கொடுக்கிற அதிர்வில் அது உடைந்துவிடுகிறது. போர்டு சப்ளையர்மேல் தப்பே இல்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

எபாக்ஸி ஊற்றிப் பார்த்தோம், இறுகுவதற்கு ஒரு ராத்திரி ஆகிறது, மொட்டைமாடித் தொட்டியில் ஒரு கோடை வெயில் பட்டதும் ஓரத்தில் விட்டுக்கொள்கிறது. ஸ்க்ரூவும் ஓ ரிங்கும் போட்டால் முடுக்குகிற ஆளைப் பொறுத்து ஒழுகுகிறது. சரி, லேசர்தான் என்று முடிவு செய்தோம்.

லேசரில் நடப்பது இதுதான். மேலே இருக்கும் மூடி அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடி போல உள்ளே விட வேண்டும். கீழே இருக்கும் பாடி அதை விடாமல் உறிஞ்ச வேண்டும், அந்த வேலையை அதில் கலந்திருக்கும் கார்பன் பிளாக் என்கிற கரித்தூள் செய்கிறது. பாடியின் மேற்பரப்பு உருகி, அந்தச் சூடு தொட்டுக்கொண்டிருக்கும் மூடிக்கும் ஏறி, இரண்டும் கலந்து இறுகுகிறது. உள்ளே இருக்கும் போர்டுக்கு ஆட்டம் இல்லை, தூள் உதிராது, வெளியே பிதுங்காது. இரண்டும் நன்றாக ஒட்டித் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும், நடுவில் தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் சூடு மேலே ஏறாது, பாடி மட்டும் கருகும்.

முதல் நாள் 50 பீஸை அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். யூனிட்காரர் மிஷின் பக்கமே போகவில்லை. பெட்டியில் இருந்து ஒரு பாடியை எடுத்து கிரானைட் பிளேட்டில் கவிழ்த்து வைத்தார், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில் 0.3 மில்லிமீட்டர் இலையை எடுத்து ஒரு மூலையில் தள்ளினார், தடையே இல்லாமல் உள்ளே போனது. எதிர் மூலையிலும் போனது. அடுத்தடுத்து ஏழெட்டு பாடி பார்த்தார், எல்லாம் அதே இரண்டு மூலை. “சார், இது லேசர் வேலை இல்லை, இன்னும் மோல்டிங் வேலையே முடியலை” என்றார். 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த பிபிடி இப்படி முறுக்கிக்கொள்ளும் என்று எனக்கும் தெரியும், அல்ட்ராசோனிக்கில் ஹார்ன் அமுக்கிய அமுக்கில் அது தெரியாமல் போயிருந்தது.

அடுத்து மூடி. சின்ன பெட்டி மாதிரி ஒரு டெஸ்டர் வைத்திருக்கிறார், மூடியை அதில் வைத்தால் எத்தனை சதவீத ஒளி அந்தப் பக்கம் போகிறது என்று எண் வரும். எங்கள் மூடிக்கு சுழி. எனக்குப் பகீர் என்றது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பை விடுகிற சாயங்கள் இருக்கின்றன, காரில் வரும் சென்சார்களில் மேலும் கீழும் கறுப்பாக இருந்தும் லேசரில் ஒட்டுவது அப்படித்தான். அந்தச் சாயம் உள்ள மாஸ்டர்பேட்ச் (பிளாஸ்டிக்கோடு கலக்கிற சாயக் குருணை) வேண்டும் என்று நான் மோல்டிங்காரரிடம் தனியாக எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் கடையில் இருந்த சாதாரண கார்பன் பிளாக் மாஸ்டர்பேட்ச்சைப் போட்டுவிட்டார், “கறுப்புதானே சார் கேட்டீங்க” என்கிறார். இரண்டு மூடியையும் பக்கத்தில் வைத்தால் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. லேசர் அடித்தால் சாதாரணக் கறுப்பு மூடி மேற்புறத்திலேயே கருகிக் குழி விழுகிறது, கீழே சூடே போகாது. அன்றைக்கு யூனிட்காரர் ஒன்றை அடித்தும் காட்டினார். அந்த மூடி இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.

வெல்டிங் செய்யாமல், காசும் வாங்காமல், அரை நாள் உட்கார வைத்து இவ்வளவும் சொல்லி அனுப்பினார். இந்த யூனிட்டைப் பற்றி நான் எழுதுவதற்கு முதல் காரணம் இதுதான். பாகத்தைப் பிடித்து வைக்கிற ஃபிக்சருக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, 50 பீஸை அடித்துக் கருக்கி, “உங்க மெட்டீரியல் சரியில்லை” என்று பில் போடுகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்து மோல்டில் கை வைத்தோம். பாடியில் வெல்ட் ஆகிற கோட்டில் ஒரு சின்ன ரிப், அதாவது மேலே எழும்பி நிற்கிற வரம்பு, வேண்டும் என்று யூனிட்காரர் சொல்லியிருந்தார், அதற்கு மோல்டில் காடி வெட்டினால் போதும், ஒரே நாள் வேலை. மூடியில் அந்த இடத்தில் 2 மில்லிமீட்டராக இருந்த கனத்தை 1.2 ஆகக் குறைக்கச் சொன்னார், அது மோல்டுக்குள் தனித் துண்டு (இன்சர்ட்) செருக வேண்டிய வேலை, செலவும் நாளும் இழுத்தது. கனத்தைக் குறைக்காமல் முடியாது. பாலிகார்பனேட் மாதிரி பொருளில் ஒளி 85, 90 சதவீதம் போய்விடும், பிபிடி பாதி படிகமானது, ஒளியை உள்ளுக்குள்ளேயே சிதறடிக்கும், எங்கள் மூடியில் சரியான சாயம் போட்ட பிறகும் 30ஐத் தாண்டவில்லை. இன்னொன்றும் அவர்தான் சொன்னார்: வளைவு குறைய பாடிக்கு கூலிங் நேரத்தைக் கூட்டலாம், மோல்டு சூட்டையும் மாற்றிப் பார்க்கலாம், ஆனால் மூடிக்கு மோல்டு சூட்டைக் கூட்டினால் படிகம் அதிகமாகி ஒளி குறையும், அதை ஒரே அளவில் பிடித்து வையுங்கள், ரீகிரைண்ட் (அரைத்த கழிவுப் பிளாஸ்டிக்) ஒரு பிடிகூடக் கலக்காதீர்கள் என்று. இப்போது ஒவ்வொரு லாட்டிலும் மோல்டில் உள்ள ஒரு கேவிட்டிக்கு (மூடி வார்க்கிற குழி) ஐந்து மூடியை டெஸ்டரில் வைத்துப் பார்த்த பிறகுதான் வேலையை ஆரம்பிக்கிறார்கள்.

மிஷின் 980 நானோமீட்டர் டையோடு லேசர், மேலே இரண்டு கண்ணாடி திரும்பி ஒளியை ஓட்டுகிற ஸ்கேனர். கோட்டை ஒரே சுற்றில் மெதுவாக வரைந்து முடிக்கிற முறையும் உண்டு, அதற்குப் பாகம் கச்சிதமாகத் தட்டையாக இருக்க வேண்டும். இங்கே அதே கோட்டின்மேல் ஒளி விநாடிக்குப் பல சுற்று ஓடுகிறது, அதனால் முழுக் கோடும் ஒரே நேரத்தில் உருகி, கிளாம்ப் அமுக்க அமுக்க ரிப் கீழே இறங்குகிறது. எங்கள் பீஸுக்கு 0.3 மில்லிமீட்டர் இறங்கியதும் லேசர் நிற்கும். மிச்சமிருந்த வளைவை இந்த இறக்கமே விழுங்கிவிடுகிறது. வெளியே இருந்து பார்க்க ஒன்றுமே தெரியாது, ஒளி கண்ணுக்குத் தெரியாத ரகம், கதவு மூடாமல் மிஷின் ஓடாது, கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு சரிந்து இறங்குவது மட்டும் தெரியும். அந்தக் கோடு ஒவ்வொரு பீஸுக்கும் சீரியல் நம்பரோடு சேமிப்பில் இருக்கிறது. ஜாப் ஒர்க் யூனிட்டில் இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

சோதனைக்கு வருவோம். மூடியில் ஓட்டை போட்டு காற்று ஏற்றி வெடிக்க விட்டோம், பத்தில் ஒன்பது பீஸ் வெல்ட் கோட்டை விட்டுத் தள்ளி மூடியின் நடுவில்தான் கிழிந்தன. பத்தாவதை அறுத்துப் பார்த்தால் ஒரு மூலையில் கோடு மெலிந்திருந்தது, கிளாம்ப் அங்கே சரியாக உட்காரவில்லை என்று கண்டுபிடித்து ஃபிக்சரைத் திருத்தினார்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. 80 டிகிரி ஓவனில் வைத்து எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போடுவதை 50 முறை செய்தோம், ஒழுகவில்லை. கடிகாரம் நின்ற பீஸ் இந்த 11 மாதத்தில் ஒன்றுகூட வரவில்லை. எங்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று, திரும்பி வந்த சென்சார்களை ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்த எங்கள் சர்வீஸ் பையனைத்தான் கேட்க வேண்டும்.

காசு அதிகம்தான். பீஸுக்கு 9 ரூபாய், அல்ட்ராசோனிக்கைப் போல மூன்று மடங்கு. ஃபிக்சர் 70 ஆயிரம், அது நம் சொத்து, கேட்டால் கொடுத்துவிடுவார்கள். 500 பீஸுக்குக் குறைவாக மிஷினில் ஏற்ற மாட்டார்கள். கோயம்புத்தூரில் இருந்து 300 கிலோமீட்டருக்கு மேல், லாரி வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி குறைகள். ஐந்தாவது லாட்டில் 14 மூடியில் ஒரே இடத்தில் மிளகு அளவுக்குக் கருகல் இருந்தது. மூடியை மேலிருந்து அமுக்குகிற கிளாம்ப் கண்ணாடியில் தூசியோ விரல் எண்ணெயோ இருந்தால் லேசர் அதைச் சுட்டுவிடும், அந்தச் சூடு மூடியில் பதியும். ராத்திரி ஷிஃப்டில் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது. முதலில் எங்கள் மூடியில்தான் தூசி என்றார்கள், அந்த 14 பீஸும் அடுத்தடுத்த சீரியல் நம்பர் என்று காட்டிய பிறகு ஒப்புக்கொண்டு மூடி, பாடி, போர்டு மூன்றுக்கும் பணம் கழித்துக் கொடுத்தார்கள். நாம் போய்க் காட்ட வேண்டியிருந்ததுதான் எனக்கு வருத்தம், அவர்களுடைய திரையிலேயே அந்த நம்பர் எல்லாம் இருக்கிறது.

டெலிவரி தேதியை நம்ப முடியாது. பெரிய கார் பார்ட்ஸ் ஆர்டர் வந்தால் நம்முடையது பின்னால் போய்விடும், ஒரு தடவை 12 நாள் தாமதம், போன் பண்ணினால் “நாளைக்கு லோடு ஆயிடும் சார்” என்றே பதில் வரும். பேக்கிங்கும் சுமார். நடுவில் தாள் வைக்காமல் அடுக்கி அனுப்பி மூடியெல்லாம் கீறல், இப்போது ட்ரேயை நாங்களே வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

யாருக்கு இது சரிப்படும் என்றால், உள்ளே அதிர்வு தாங்காத போர்டோ சென்சாரோ இருக்கிறவர்கள், உள்ளே தூள் விழக் கூடாத மருத்துவச் சாமான் செய்கிறவர்கள் தயங்காமல் போகலாம். டார்ச், சார்ஜர் டப்பா மாதிரி வேலைக்கு அல்ட்ராசோனிக்கே போதும், காசை வீணாக்க வேண்டாம். போவதாக இருந்தால் மோல்டு அடிப்பதற்கு முன்பே டிராயிங்கோடு போங்கள். மோல்டிங்காரரையும் கூட்டிக்கொண்டு போனால் ரொம்ப நல்லது. நான் மூன்றாவது தடவைதான் எங்களுடையவரைக் கூட்டிப் போனேன். அந்தக் கருகிய மூடியையும் டெஸ்டரில் வந்த சுழியையும் நேரில் பார்த்தவர், ஊர் திரும்பியதும் அந்த மாஸ்டர்பேட்ச் மூட்டையைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டி, மேலே எங்கள் கம்பெனி பெயரை மார்க்கரில் எழுதி வைத்துவிட்டார்.