கிளையண்ட் ஃபேக்டரி: தனித்தனியாகவா, பொதுவில் ஒன்றா, பணிக்கு ஒன்றா?

மேகச் செய்திச் சேவையைப் பயன்படுத்தும் ஜாவா பயன்பாடுகளில், கிளையண்ட்டை (அந்தச் சேவையோடு பேசும் ஆப்ஜெக்டை) எங்கே உருவாக்குவது, யார் மூடுவது என்ற முடிவு பெரும்பாலும் எவரும் எடுக்காமலே அமைந்துவிடுகிறது. ஆனால் அழுத்தம் கூடும் நாளில் முதலில் விரிசல் காண்பது அந்த இடம்தான்.

ஒவ்வொரு செய்திக்கும் புதிய கிளையண்ட் என்ற வழியை நீண்ட நேரம் ஆராய வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் மேகச் செய்திச் சேவையான அஷூர் சர்வீஸ் பஸ்ஸில் சில நூறு பைட் செய்தி ஒன்று கிளம்புவதற்கு முன் டிசிபி இணைப்பு, டிஎல்எஸ் கைகுலுக்கல், ஏஎம்க்யூபி (செய்திப் பரிமாற்ற நெறிமுறை) இணைப்பு, செஷன், டோக்கன் சரிபார்ப்பு, லிங்க் (இணைப்புக்குள் ஒரு வரிசைக்கான தனிப் பாதை) என்று அத்தனையும் முடிந்தாக வேண்டும். அனுப்பிய மறுகணம் அவை அனைத்தும் கலைக்கப்படுகின்றன.

ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கிளையண்ட் என்பது மதிக்கத்தக்க வழி, ஏனெனில் ஒரு பகுதியின் கோளாறு மற்றொன்றைத் தொடாது. இடறுவது கணக்கில்தான். சர்வீஸ் பஸ் ஒரு நேம்ஸ்பேஸுக்கு (வரிசைகளை அடக்கிய தொகுப்புக்கு) 5,000 ஏஎம்க்யூபி இணைப்புகளையே ஒரே நேரத்தில் அனுமதிக்கிறது. 40 கிளையண்ட்டுகள் கொண்ட பயன்பாடு 60 கண்டெய்னர்களில் (தனித்தனியாக ஓடும் பிரதிகளில்) ஓடினால், கிளையண்ட்டுக்கு ஒன்றாக 2,400 இணைப்புகள்; புதிய பதிப்பை ஏற்றும்போது பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்து ஓடினால் 4,800. 60 கண்டெய்னர்களை 63 ஆக்கினால் அந்த நேரத்தில் 5,040 ஆகி வரம்பு தாண்டிவிடும்.

இங்கேதான் பொது ஃபேக்டரி, அதாவது கிளையண்ட்டுகளை உருவாக்கித் தரும் ஒரே ஆப்ஜெக்ட், கைகொடுக்கிறது. சர்வீஸ் பஸ்ஸின் பழைய ஜாவா நூலகத்தில் ஒரு மெசேஜிங்ஃபேக்டரி என்பது ஓர் இணைப்பு. அதிலிருந்து உருவாகும் அனுப்பிகளும் பெறுவிகளும் அந்த ஒரே இணைப்பின் மேல் லிங்க்குகளாக அமைகின்றன. அந்த நூலகம் 2026 செப்டம்பர் 30 அன்று ஓய்வு பெறுவதால், புதிதாக எழுதுபவர்கள் புதிய நூலகத்தின் சர்வீஸ்பஸ்கிளையண்ட்பில்டரையே நாட வேண்டும். அதில் ஒரே பில்டர் ஆப்ஜெக்டைப் பகிர்ந்தால்தான் இணைப்பும் பகிரப்படும். ஒரே கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை (சேவையின் முகவரியும் சாவியும் கொண்ட வரியை) கொடுத்துவிட்டு இடத்துக்கு இடம் புதிய பில்டர் எழுதுவது பகிர்வு ஆகாது. இந்தத் தவறு கோட் ரிவ்யூவில் எளிதில் கண்ணில் படுவதில்லை.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப்போடுவதும் தீர்வு அல்ல என்பதை அமேசானின் செய்தி வரிசைச் சேவையான எஸ்க்யூஎஸ் நன்றாகக் காட்டுகிறது. அதன் ஜாவா எஸ்டிகே (நூலகத் தொகுப்பு) 2.x-இல் அப்பாச்சி எச்டிடிபி கிளையண்ட் இயல்பாக 50 இணைப்புகளையே வைத்துக்கொள்கிறது. 50 த்ரெட்டுகள் 20 விநாடி லாங் போலிங்கை (செய்தி வரும்வரை இணைப்பைப் பிடித்துக் காத்திருப்பதை) ஒரே நேரத்தில் தொடங்கினால், பூல் (அந்த 50 இணைப்புகளின் தொகுப்பு) முழுவதும் காத்திருப்பிலேயே நிரம்பிவிடும். அப்போது செய்தி அனுப்ப வரும் த்ரெட் 10 விநாடி காத்திருந்து, பூலில் இணைப்பு கிடைக்கவில்லை என்ற பிழையோடு தோற்றுத் திரும்பக்கூடும். வரிசையில் செய்திகள் இருந்தால் போலிங் உடனே முடிந்து இணைப்பு விடுபடும் என்பதால், வரிசை காலியாக இருக்கும் அமைதியான நேரத்தில்தான் இந்தப் பிழை தலைகாட்டும். சுமையைக் கூட்டிச் சோதிப்பவருக்கு அது அகப்படவே அகப்படாது.

மூடும் உரிமையும் தெளிவாக இருக்க வேண்டும். எச்டிடிபி கிளையண்ட்டை வெளியே உருவாக்கி எஸ்க்யூஎஸ் கிளையண்ட்டுக்குக் கொடுத்தால் அதை நாம்தான் மூட வேண்டும். அதன் பில்டரைக் கொடுத்தால் எஸ்க்யூஎஸ் கிளையண்ட்டே மூடிக்கொள்ளும். பகிரப்பட்ட ஒன்றை ஏதோ ஒரு பகுதி தன் வேலை முடிந்ததென்று மூடிவிட்டால் மற்ற பகுதிகள் நடுவழியில் நின்றுவிடும். ஆகவே ஃபேக்டரியை ஒரே கிளாஸ் வைத்திருந்து, பிறருக்கு மூடும் வழியே இல்லாத இன்டர்ஃபேஸை மட்டும் தருவது நல்லது.

என் தேர்வு தலைப்பில் சொன்ன மூன்றாவது வழி, பணிக்கு ஒன்று: ஒரு பிராசஸுக்கு இரண்டு ஃபேக்டரிகள், அனுப்புவதற்கு ஒன்று, பெறுவதற்கு ஒன்று. மேலே சொன்ன 60 கண்டெய்னர்களுக்கு அது 120 இணைப்புகள். பதிப்பு மாறும் நேரத்திலும் 240-ஐத் தாண்டாது. ஏதேனும் ஒரு வரிசையின் போக்குவரத்து மட்டும் மிக அதிகமாக இருந்து மற்றவற்றைத் தாமதப்படுத்துவது அளவீட்டில் தெரிந்தால், அந்த வரிசைக்கு மட்டும் தனி ஃபேக்டரி கொடுக்கலாம்.