பட்டமும் லைசென்ஸும் சேர்த்தா, தனித்தனியாகவா? ஏவியேஷன் படிப்புகள் பற்றி எங்கள் வீட்டுக் கணக்கு

மகள் நாகர்கோவிலில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுப் பறக்கும் பயிற்சிக்குப் போனாள். இப்போது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கையில் இருக்கிறது, வேலை இன்னும் இல்லை. கொழுந்தன் மகன் பி.பி.ஏ. ஏவியேஷன் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருக்கிறான். அதனால் பிளஸ் டூ முடிவு வரும் சமயத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து யாராவது வீட்டுக்கு வந்து இதைப்பற்றிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்ப்பவள். எதையும் தவணையாகவே பார்க்கும் புத்தி எனக்கு உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பொதுவாக வீடுகளில் பேசப்படுவது மூன்று வழிகள். ஒன்று, பறக்கும் பயிற்சியையும் பட்டத்தையும் ஒரே பொட்டலமாகத் தரும் பி.எஸ்சி. ஏவியேஷன். இரண்டு, பி.பி.ஏ. ஏவியேஷன் மேனேஜ்மென்ட். மூன்று, பக்கத்துக் கல்லூரியில் சாதாரணப் பட்டம் ஒன்றை முடித்துவிட்டு, நேராக ஒரு பறக்கும் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் வாங்குவது. நாங்கள் எடுத்தது மூன்றாவது. இன்று மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தகுதி விஷயத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸுக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். காமர்ஸ் எடுத்த பிள்ளைகள் அந்த இரண்டு பாடத்தையும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதி வரலாம். கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை, போட்டபின் பார்வை சரியாக இருந்தால் போதும். நிறம் பிரித்தறிவதில் கோளாறு இருந்தால்தான் சிக்கல். எந்தக் கல்லூரிக்கும் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். முதலில் வகுப்பு 2 என்ற தொடக்கச் சோதனை, அப்புறம் கமர்ஷியல் லைசென்ஸுக்கு வேண்டிய வகுப்பு 1. வகுப்பு 1 சோதனைக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் பெங்களூர் விமானப்படை மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறார்கள்.

சரி, பொட்டலப் படிப்புக்கு வருவோம். கல்லூரி விளம்பரங்களைப் பார்த்தால் பட்டம் இருந்தால்தான் பைலட் ஆகலாம் என்று தோன்றும். அப்படி இல்லை. பட்டம் யுஜிசி சமாச்சாரம், பறப்பது டி.ஜி.சி.ஏ. எனும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் சமாச்சாரம். டி.ஜி.சி.ஏ. கேட்பது பிளஸ் டூ, மருத்துவத் தகுதி, வழிநடத்தல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் 70 சதவீதம், 200 மணி நேரப் பறப்பு, முக்கியமாக இவைதான். அந்த 200இல் 100 மணி நேரம் தானே விமானத் தளபதியாக, அதாவது விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்று, ஓட்டியிருக்க வேண்டும். பட்டம் இருக்கிறது என்பதற்காக ஒரு மணி நேரம்கூடக் குறைக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 2009இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு அங்கே துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் கட்டாயமானது. அங்கீகரிக்கப்பட்ட ஏவியேஷன் இளங்கலைப் பட்டம் இருந்தால் அது 1,000 ஆகக் குறையும். டேடோனா பீச்சில் இருக்கும் எம்ப்ரி-ரிடில், கிராண்ட் ஃபோர்க்ஸில் இருக்கும் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பட்டத்துக்கு உண்மையான விலை இருப்பது அதனால்தான். அந்த ஊர் நியாயத்தை இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள் என்பது என் எண்ணம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தால் இந்திய லைசென்ஸாக மாற்ற இங்கே தேர்வும் திறன் சோதனையும் எழுத வேண்டும். அந்த வழியில் போன யாரையும் எனக்கு நெருக்கமாகத் தெரியாது. அதனால் இதற்கு மேல் அதைப் பேசவில்லை.

பொட்டலப் படிப்பு எல்லாமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. உத்தரப்பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி மத்திய அரசுடையது, கையில் சொந்த விமானங்கள் வைத்திருக்கிறது. 1928இல் தொடங்கிய பாம்பே ஃப்ளையிங் கிளப் மும்பைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பி.எஸ்சி. ஏவியேஷன் நடத்துகிறது. இப்படிப் பறப்பதே முதல் தொழிலாக உள்ள இடம் பட்டத்தையும் தந்தால் நல்லதுதான். கல்லூரியிடம் விமானமே இல்லாமல், எங்கேயோ ஒரு பறக்கும் பள்ளியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, மூன்று வருடக் கட்டணத்தையும் தானே வாங்கும் இடங்கள்தான் எனக்கு உறுத்துகின்றன. அங்கே தாமதம் வந்தால் கல்லூரி பள்ளியைக் கைகாட்டும், பள்ளி கல்லூரியைக் கைகாட்டும்.

தாமதத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், இந்தப் படிப்பில் மட்டும் தாமதம் நேரடியாகப் பணம். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது, தானே தளபதியாக ஓட்டிய மணிகளில் 15 மணி நேரமாவது கடைசி ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. திறன் சோதனைகளுக்கும் இப்படிக் கெடு உண்டு. 190 மணி நேரம் முடித்த பிள்ளைக்கு விமானம் கிடைக்காமல் சில மாதம் போனால் மீதி பத்து மணியோடு கதை முடியாது. ஏற்கெனவே பறந்ததையே மறுபடி காசு கொடுத்துப் பறக்க வேண்டிவரும். மகள் படித்த பள்ளியில் உதிரிபாகம் வரவில்லை என்று விமானங்களில் பாதி ஹேங்கரில் நின்ற காலம் ஒன்று இருந்தது. மற்ற விமானங்களுக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எனவே எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்பதோடு விடாதீர்கள், இன்றைக்கு எத்தனை பறக்கும் நிலையில் இருக்கிறது, எத்தனை பயிற்றுநர்கள், போன பேட்ச் பிள்ளைகள் 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். பதிலை அங்கே படிக்கும் பிள்ளைகளிடமும் சரிபாருங்கள். வானிலையையும் கேளுங்கள். வட இந்தியாவில் மார்கழி, தை மூடுபனி காலை நேரத்தை விழுங்கும். நமக்குப் பக்கம் என்று எல்லோரும் சொல்லும் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி அகாடமி இருக்கிறது. ஆனால் நம் மாவட்டத்துக்கும் அந்த ஊருக்கும் இரண்டு பருவமழையும் உண்டு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. (திருவனந்தபுரம் விமான நிலையமே 1932இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக் கோதவர்ம ராஜாவின் முயற்சியில் பறக்கும் கிளப்பாகத் தொடங்கியதுதான். அன்றைக்கு நாமும் திருவிதாங்கூர்!)

இனி, எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயம். எந்த விளம்பரமும் இதைச் சொல்வதில்லை. பட்டம் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினால் அது அப்படியே இருக்கும். லைசென்ஸ் கரையில் ஏற்றி வைத்த வள்ளம் மாதிரி, கடலுக்குப் போகாத மாதத்திலும் செலவு வைக்கும். வகுப்பு 1 மருத்துவச் சான்று வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கருவிகளைப் பார்த்து ஓட்டும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கும் வருடம் ஒரு சோதனை. லைசென்ஸ் பத்து வருடத்துக்குச் செல்லும், ஆனால் புதுப்பிக்கும்போது சமீபத்தில் பறந்த கணக்குக் காட்ட வேண்டும் அல்லது திறன் சோதனை கொடுக்க வேண்டும். ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானமே மணிக்குப் பத்தாயிரத்துக்கு மேல். விமான நிறுவனங்கள் எதிர்பார்க்கும் இரட்டை எஞ்சின் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. நாங்கள் வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம், பெங்களூருக்கும் பள்ளிக்கும் போய்வரும் செலவு தனி. இதற்கும் மேலே, ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் வேறு. அது பத்து லட்சத்தைத் தாண்டும்.

காத்திருப்பு எவ்வளவு நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானம், அதே ஜூனில் இண்டிகோ 500 விமானம் வாங்கப்போகிறது என்ற செய்தியைக் காட்டித்தான் சேர்க்கை நடக்கிறது. அதே வருடம் மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றுபோனதையும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றதையும் அந்தக் கூட்டங்களில் யாரும் பேசமாட்டார்கள். நிறுவனம் ஒன்று மூடினால் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களும் புதுப்பிள்ளைகள் நிற்கும் அதே சந்தைக்கு வருகிறார்கள். 2023இல் மட்டும் டி.ஜி.சி.ஏ. 1,622 கமர்ஷியல் லைசென்ஸ்கள் கொடுத்தது.

இப்போது கடனைச் சேர்த்துப் பாருங்கள். இந்தியாவில் பயிற்சிச் செலவு சுமார் ஐம்பது லட்சம். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் ஈடு கேட்பார்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் குலசேகரம், அருமனை பக்கம் கிடக்கும் ரப்பர் நிலம்தான், எங்களுக்கும் அதுவே. வழக்கமான விதிப்படி படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை இல்லை. அப்புறம் பதினைந்து வருடத் தவணையில், பத்தரை சதவீத வட்டிக்கு, ஐம்பது லட்சத்துக்கு மாதம் சுமார் 55 ஆயிரம் வரும். இடைக்கால வட்டி சேர்க்காமல் சொல்கிறேன். பொட்டலப் படிப்பில் 18 வயதில் முழுக் கடனும் ஓடத் தொடங்குகிறது. லைசென்ஸ் கிடைத்ததும் அதன் பராமரிப்பும் தொடங்கிவிடுகிறது. வேலை வராவிட்டால் இரண்டும் சேர்ந்து அழுத்தும். தனித்தனியாகப் போனால் முதல் மூன்று வருடத்துக்குக் கடனே இல்லை. பிள்ளை வீட்டிலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறது, மாலையில் டி.ஜி.சி.ஏ. தாள்களுக்குப் படிக்கிறது. அந்தத் தேர்வு முடிவுகளுக்கும் காலக்கெடு உண்டு என்பதால் முதல் வருடமே அவசரப்பட வேண்டாம், கடைசி வருடத்தில் எழுதினால் போதும். மருத்துவம், தாள்கள் இரண்டும் தேறிய பிறகே நிலப் பத்திரத்தை வெளியே எடுத்தோம்.

பட்டத்துக்கு இயற்பியலைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. விமான நிலைய ஆணையத்தின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தேர்வுக்கு இயற்பியலும் கணிதமும் உள்ள பி.எஸ்சி. அல்லது பொறியியல் பட்டம் கேட்கிறார்கள், 27 வயதுக்குள் எழுத வேண்டும். பி.பி.ஏ. படித்தவர் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. பி.எஸ்சி. ஏவியேஷன் என்றால் பாடத்திட்டத்தில் அந்த இரண்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விமானப்படை அதிகாரிகளுக்கான ஆஃப்கேட் தேர்வு வழியாகப் போகிறவர்களுக்குப் பறக்கும் பயிற்சி சம்பளத்தோடு கிடைக்கிறது. அதற்கும் பட்டம் வேண்டும். மகள் இப்போது கட்டுப்பாட்டாளர் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

பி.பி.ஏ. பக்கம் எனக்கு அனுபவம் கம்மி, கொழுந்தன் மகன் சொல்வதுதான். விமான நிலைய இயக்கம், சரக்கு, பயணிகள் சேவை, பாதுகாப்பு விதிகள், டிக்கெட் விலை எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்பதெல்லாம் பாடம். மொத்தச் செலவு பைலட் படிப்பின் பக்கத்தில்கூட வராது. தொடக்கச் சம்பளம் குறைவு, ஒரு பி.காம். பட்டதாரியும் அதே இடத்தில் அதே சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறார் என்று அவனே சொன்னான். “ராத்திரி ஷிஃப்ட்தான் பெரியம்மா கஷ்டம், வேலை பிடிச்சிருக்கு” என்கிறான். சரக்குப் பிரிவில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு வளைகுடாவுக்குப் போவது அவன் கணக்கு. நம் மாவட்டத்தில் பாதி வீடுகளுக்கு அந்த வழி பழக்கம்தான். அந்தப் பட்டம் அங்கே எவ்வளவு கைகொடுக்கும் என்று அவன் போன பிறகுதான் என்னால் சொல்ல முடியும். இந்தப் படிப்பை எடுப்பவர்கள் ஃபர்சத்கஞ்சில் 2013ஆம் வருடச் சட்டப்படி வந்த ராஜீவ் காந்தி தேசிய விமானப் போக்குவரத்துப் பல்கலைக்கழகத்தையும் ஒரு தடவை பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகம், விமான சேவையிலும் சரக்கிலும் மேலாண்மைப் பட்டம் இருக்கிறது. விமான நிலையம் இல்லாத ஊரில் இருந்துகொண்டு இதை நடத்தும் கல்லூரி என்றால் பயிற்சிக்கு எந்த விமான நிலையத்துக்கு, எத்தனை வாரம் அனுப்புவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

என் அண்ணன் மகனுக்குப் பைலட் ஆசைதான். நிறச் சோதனையில் தேறவில்லை, அதனால் அவனுக்கு பி.பி.ஏ. பார்க்கிறோம். இரண்டு கல்லூரிகளுக்கு ஒரே கேள்வியை அனுப்பினோம்: போன வருடப் பிள்ளைகள் எங்கே பயிற்சி எடுத்தார்கள்? ஒன்றிலிருந்து விமான நிலையம் வாரியாகப் பட்டியல் வந்தது. மற்றதிலிருந்து சேர்க்கைக் கட்டணத்தில் சலுகை தருகிறோம் என்று போன் வந்தது. அண்ணன் பட்டியல் அனுப்பிய கல்லூரியை நேரில் பார்க்க அடுத்த வாரம் போகிறார்.